பெரட்டுக்குப் புறப்படும் அம்மா: மறதிநோய் உள்ளவரை மலையில் தொலைக்காமல் பார்த்துக்கொள்வது

கோத்தகிரிப் பக்கம் சாயங்காலம் கடிகாரம் பார்த்து வருவதில்லை. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி ஜன்னலை மறைத்துவிட்டால் மூன்றரை மணிக்கே இருட்டுக் கட்டிவிடும். அம்மாவுக்கு அந்த நேரத்தில்தான் வீட்டில் இருப்புக்கொள்ளாது. முந்தானையை இடுப்பில் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போவார். "நேரமாச்சு புள்ள, பெரட்டுக்குப் போகணும். பிந்துனா கங்காணி பேர் போடமாட்டான்" என்பார். பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக்கொடுக்கும் இடம். அம்மா வேலையிலிருந்து நின்று பல வருடம் ஆகிறது.

மறதிநோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு மருந்து, சாப்பாடு, குளியல் எல்லாமே பாடுதான். ஆனாலும் தூக்கத்தைக் கெடுப்பது, கண் அசந்த நேரத்தில் கிளம்பிப் போய்விடுவாரோ என்கிற பயம். கீழே ஊரில் ஒருவர் தொலைந்தால் தெருத் தெருவாகத் தேடலாம். இங்கே வாசலைத் தாண்டினால் தேயிலை, தேயிலையைத் தாண்டினால் சோலை, நடுவில் ஓடை. காட்டெருமையும் கரடியும் நம்மைப் போலவே அந்தப் பாதையில் நடக்கின்றன. டிசம்பர், ஜனவரி ராத்திரியில் வெளியே மாட்டிக்கொண்டால் குளிர் ஒன்றே போதும். அதனால் எங்களுக்குப் பலன் தந்ததையும் தராததையும் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க தமிழ்நாடு அரசு தொடங்கிய டேன்டீ என்ற தேயிலை நிறுவனத்தின் தோட்டத்தில் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார்கள். அம்மா எங்கே போகப் பார்க்கிறார் என்பதற்கான விடை இதற்குள்தான் இருக்கிறது.

அல்சைமர் வகை மறதிநோயில் மூளையில் முதலில் அடிபடும் இடங்களில் முக்கியமானவை ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய என்டோரைனல் கார்டெக்ஸும். புது நினைவைப் பதிந்து வைப்பதும், நாம் எங்கே, எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்று கணக்குப் போடுவதும் இவற்றின் வேலை. வழி காட்டும் இந்த மூளைச் செல்களைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2014-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த இடம் பழுதானால், காலமெல்லாம் நடந்த பாதையிலேயே ஆள் திகைத்து நின்றுவிடுவார். பழைய நினைவுகளோ நெடுநாள் தங்கும். அம்மாவின் மனதிலிருந்து கோத்தகிரி வீடு கலைந்துவிட்டது. ஹட்டனில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயமும், அங்கே அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அம்மாவும் இருக்கிறார்கள். சொந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று அழுவது இதனால்தான்.

"சும்மா சுத்துறாங்க, பூட்டிப் போடுங்க" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். எனக்குத் தெரிந்து அம்மா ஒருநாளும் சும்மா கிளம்பியதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோதெல்லாம் பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கியது. பழைய பள்ளி நோட்டு ஒன்றில், கிளம்பிய நேரம், அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது, என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நாளில் எப்போது, எதனால் கிளம்புகிறார் என்பது தெரிந்துவிட்டது. ஃபாக்டரி சங்கு ஊதியதும் எழுந்துவிடுவார். மூத்திரம் முட்டினால் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வாசல் கதவைத் திறப்பார். விருந்தாள் வந்து சத்தம் கூடினால், ஏதோ ஊருக்கு வந்தவர் மாதிரி எல்லோரிடமும் "நான் வாறேன்" என்று சொல்லிக்கொண்டு புறப்படுவார்.

சரி, சங்கை நிறுத்த முடியாது. அதனால் சங்கு ஊதும் நேரத்துக்குச் சற்று முன்பே தேத்தண்ணியும் ரொட்டியும் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறேன். கழிப்பறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், ராத்திரி முழுக்க உள்ளே ஒரு சின்ன பல்பு எரியும். அவர் கேட்கும்வரை காத்திராமல் இடையிடையே நாமே அழைத்துப்போவதும் உண்டு. மூடுபனி ஏறுவதற்குள் எல்லா விளக்கையும் போட்டுத் திரையை இழுத்துவிடுவேன். இருட்டு ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே யாரோ வெளியாள் என்று நினைத்து அவர் பதறுவது அதனால் குறைந்தது.

இன்னொன்று. அலைச்சல் திடீரென்று ஒரு வாரத்தில் கூடிவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று வந்து புத்தியை மட்டும் குழப்பிவிடும். அம்மாவுக்கு ஒருமுறை அப்படி ஆனது. சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்து மருந்து கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்தார். அலைச்சலை அடக்க மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். தள்ளாட்டம் கூடி, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் அதற்கப்புறம் எழுந்திருப்பதே கஷ்டம்.

"வேலையெல்லாம் முடிஞ்சு போச்சும்மா, உனக்கு எழுபத்தஞ்சு வயசாச்சு" என்று புரியவைக்கப் பார்த்தால் கோபம்தான் வரும். "மழைன்னு இன்னிக்கு மலை நிறுத்திட்டாங்களாம். வாம்மா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பார்ப்போம்" என்றால் வருவார். மலை என்று தோட்டத்தில் சொல்வது கொழுந்து எடுக்கும் தேயிலைக் காட்டை. வீட்டுக்குப் போகணும் என்று அழும்போது, "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்பேன். பேசப் பேசக் கால் ஓயும். இதைப் பொய் என்று என்னால் எண்ண முடியவில்லை. அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பேசுகிறேன், அவ்வளவுதான்.

கைக்கு வேலை இருக்கும் நாளில் கால் அலைவதில்லை. முருங்கைக்கீரையோ தண்டுக்கீரையோ ஒரு கட்டு வாங்கி முன்னால் வைத்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும் வேகத்தைப் பார்க்க வேண்டும். கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்னால் எறிவார். முதுகில் கூடை இருப்பதாக அந்தக் கைக்கு இன்னும் நினைப்பு. தரையெல்லாம் கீரையாகிறதே என்று முதலில் என் மகள் சலித்துக்கொண்டாள். அப்புறம் அவளே நாற்காலிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டிவிட்டாள். அதில் பாதி விழும். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, பனி ஏறுவதற்குள், அம்மாவும் நானும் தோட்டத்து ரோட்டில் ஒரு சுற்று நடந்து வருவோம். கொழுந்து எடுக்கும் பெண்களோடு இரண்டு வார்த்தை பேசுவார். அன்றைக்கு நடக்க வேண்டிய நடையைக் கூடவே நடந்து தீர்த்துவிட்டால் சாயங்காலம் கதவைத் தேடுவது நன்றாகவே குறைகிறது.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கை, பழகிய உயரத்தில் இருக்கும் தாழ்ப்பாளை யோசிக்காமலே திறந்துவிடும். அதனால் முன்கதவு, பின்கதவு இரண்டிலும் அடியில், கணுக்கால் உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் அடித்தோம். அங்கே தேட அவருக்குத் தோன்றுவதில்லை. கதவின் மேலே ஒரு மணி. ராத்திரிக்கு, திறந்தால் கத்தும் பேட்டரி அலாரம். அது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. செருப்பு, குடை, தலைத்துண்டு எதையும் வாசல் பக்கம் மாட்டுவதில்லை, கண்ணில் பட்டாலே கிளம்பும் எண்ணம் வந்துவிடும். கதவு முன்னால் கறுப்பு மிதியடி போட்டால் குழி என்று நினைத்து நின்றுவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். போட்டதும் அம்மா நின்றார்தான், ஆனால் நடுங்கிக்கொண்டு நின்றார். அன்றைக்கே எடுத்துவிட்டேன். பயமுறுத்தி நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அவர்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். கஷ்டம் எனக்குத் தெரியும். ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடுகள் இங்கே நிறைய. ஆனாலும் நம் மலையில் குளிருக்கு அறைக்குள் கரி நெருப்பு வைக்கும் பழக்கம் இருக்கிறது. மூடிய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கேஸ் அடுப்பைத் திருகத் தெரிந்து அணைக்க மறந்தவர் பூட்டிய வீட்டுக்குள் என்ன செய்வார்? பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ, வீட்டிலிருக்கும் உறவுக்காரரிடமோ ஒரு தொகை பேசி விட்டுப் போவது எவ்வளவோ மேல்.

நான் தையல் தொழில் செய்கிறேன். அதனால் அம்மாவின் துணி என் கையில் இருக்கிறது. பெயரும் இரண்டு போன் நம்பரும் எழுதிய துணிப்பட்டையை ஸ்வெட்டரில் மட்டும் தைத்தால் போதாது, ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். ரவிக்கை, உள்பாவாடை, சால்வை எல்லாவற்றிலும் தைத்திருக்கிறேன். ஸ்வெட்டரில் உள்கழுத்தில் தைத்தால் காண்பவர் கண்ணுக்குப் படாது. முதுகில், தோளுக்குக் கீழே, வெளிப்பக்கமாகத் தைக்கலாம். முன்பக்கம் தைத்தால் பிய்த்துக்கொண்டே இருப்பார். மார்க்கர் மை இரண்டு சலவையில் போய்விடும், நூலால் எம்பிராய்டரி போட்டுவிடுங்கள். வீட்டு விலாசம் வேண்டாம், நம்பர் போதும். ஸ்வெட்டர் நிறம் ஆரஞ்சோ சிவப்போ. சாம்பலும் பச்சையும் பனியில், தேயிலைக்குள் கரைந்துபோகும்.

அக்கம்பக்கத்தில் சொல்வதுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டையாக இருந்தது. "வெளிய சொன்னா கிறுக்குன்னு பேசுவாங்க, நாளைக்குப் பிள்ளைங்களுக்குச் சம்பந்தம் பேச வேணாமா" என்றார்கள் உறவுக்காரர்கள். இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதிநோய் இருப்பதாக, 2023-ல் வெளியான ஆய்வுக் கணக்கு சொல்கிறது. ஒளித்து வைக்க இதில் என்ன இருக்கிறது? நான் டீக்கடை, ரேஷன் கடை, ஜீப் ஸ்டாண்டு, எஸ்டேட் வாட்ச்மேன், சர்ச் வாட்ச்மேன் என்று ஒவ்வொருவரிடமும் அம்மாவையே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "தனியா பார்த்தா எங்க போறீங்கன்னு கேக்காதீங்க. உக்கார வச்சு ஒரு டீ குடுங்க, எனக்குப் போன் பண்ணுங்க, காசு நான் தர்றேன்" என்று சொல்லி வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமும் சொல்லியிருக்கிறேன், அவர் போகாத லைன் வீடு கிடையாது.

பஸ் கண்டக்டர்களை விட்டுவிடாதீர்கள். "கையில காசில்ல, எங்க போயிடப் போறாங்க" என்ற தைரியம் இப்போது செல்லாது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024 முதல் மலைப்பகுதியின் சாதாரணக் கட்டண அரசு பஸ்களுக்கும் வந்துவிட்டது. நல்ல திட்டம், என் தொழிலுக்கே எவ்வளவு உதவி. ஆனால் ஒரு வயதான அம்மா ஏறி உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கோத்தகிரியில் ஏறினால் மேட்டுப்பாளையம், அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆள் பஸ் ஏறியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் குஞ்சப்பனை சோதனைச் சாவடிக்கும் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்துக்கும் போலீஸ் மூலமாக உடனே தகவல் போக வேண்டும்.

இவ்வளவும் செய்திருந்தும் ஒருநாள் அம்மா போய்விட்டார். அண்ணன் மகளுக்குச் சடங்கு. ஐப்பசி மாத மழைநாள், வீடு கொள்ளாத கூட்டம். இத்தனை பேர் இருக்கிற வீட்டில் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எல்லோருக்குமே நினைப்பு. விசேஷ வீடுதான் இவர்கள் தொலைவதற்கு வாகான இடம். இப்போதெல்லாம் அம்மாவின் சால்வை யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் காவல். எழுந்து போவதென்றால் இன்னொருவர் தோளில் போட்டு, "அம்மா இப்ப உன்கிட்ட" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்றைக்கு முதலில் வீட்டுக்குள்ளேயே பார்த்தோம். கட்டிலுக்கு அடி, விறகுக் கொட்டகை, கழிப்பறை. அடுத்ததாகத் தண்ணீர் இருக்கும் இடம்: தொட்டி, கிணறு, ஓடை. ஒருவர் போனோடு வீட்டிலேயே இருந்தார், இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டு, அண்ணன் காவல் நிலையம். பையன்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடப் பார்த்தார்கள், வாட்ச்மேன் தடுத்தார். பனிக்குள் காட்டெருமை பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் கூட்டாக, பேசிக்கொண்டே போனார்கள்.

ரோட்டில் நின்று "அம்மா, அம்மா" என்று நாங்கள் கத்திய கத்தலுக்குப் பதிலே இல்லை. அம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து எடுத்த ஓர் அக்கா சொன்னார்: "அவ பழைய மலைக்குத்தான் போயிருப்பா. அந்தக் குறுக்குப் பாதையில பாருங்க." அங்கே, பாதையிலிருந்து இரண்டு வரிசை உள்ளே, மழைத் தண்ணீர் போவதற்கு வெட்டிய கானில் அம்மா உட்கார்ந்திருந்தார். தேயிலைச் செடி இடுப்பளவுதான், ஆனால் உட்கார்ந்துவிட்ட ஆளை நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. சேலை செடியில் மாட்டியிருந்தது. விடுவிக்கத் தெரியாமல் ஒரு கிளையைப் பிடித்தபடியே இருந்தார். நாங்கள் கத்தியதெல்லாம் கேட்கும் தூரம்தான். அந்த அக்கா மட்டும் பெயரைச் சொல்லி, "ஏய், வேலை விட்டாச்சுடி, வா போவோம்" என்றதும் கை நீட்டினார். இளவயதுக்குத் திரும்பிவிட்டவரை "அம்மா" என்று கூப்பிட்டால் எப்படித் திரும்பிப் பார்ப்பார்?

தேடல் மீட்புக் குழுக்கள் பல நாடுகளில் கண்டதும் இதுதான். மறதிநோய் உள்ளவர்கள் நேராக நடந்துகொண்டே போய், புதரோ வேலியோ பள்ளமோ தடுக்கும் இடத்தில் சிக்கி நின்றுவிடுகிறார்கள். உதவி கேட்டுக் கத்துவதில்லை, கூப்பிட்டால் பதில் தருவதும் குறைவு. பலர் கடைசியாகப் பார்த்த இடத்துக்கு அருகிலேயே கிடைக்கிறார்கள். ஆகவே ஜீப்பில் ஊர் ஊராகப் போவதற்கு முன், வீட்டைச் சுற்றியுள்ள தேயிலையை வரிசை வரிசையாக, குனிந்து, கானுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வேலைக்காடு, பழைய வீடு, கோவில் போகும் பாதைகளை அடுத்ததாக.

போலீஸுக்குச் சொல்ல ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உடனே 112 அல்லது 100-க்கு அடியுங்கள், மறதிநோய் என்ற வார்த்தையை முதல் வரியிலேயே சொல்லுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் இருக்கிறது. அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. பதற்றத்தில் நமக்கு வாய் குழறும், எதுவும் நினைவுக்கு வராது. பிரிட்டனில் இதற்காகவே ஹெர்பர்ட் புரோட்டோகால் என்று ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற முன்னாள் போர்வீரர், மறதிநோயோடு வாழ்ந்தவர், சிறுவயது வீட்டைத் தேடிக் கிளம்பிப் போனவர். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். குடும்பத்தார் முன்கூட்டியே நிரப்பி வைத்து, ஆள் காணாமல் போன உடனே போலீஸ் கையில் கொடுப்பது. நானும் அதேபோல ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். பெயர், சின்ன வயதில் கூப்பிட்ட பெயர், உயரம், இடது புருவத் தழும்பு, சாப்பிடும் மாத்திரை, வேலை பார்த்த மலைகள், போக நினைக்கும் இடம், எப்படிக் கூப்பிட்டால் வருவார் எல்லாம் அதில் உண்டு. கூடவே, தினமும் உடுத்தும் சேலை, ஸ்வெட்டரோடு எடுத்த போட்டோ. கல்யாணத்துக்குப் பட்டுச்சேலையில் எடுத்த படத்தைக் கொடுத்தால் தேடுபவருக்கு அடையாளம் தெரியாது. காலையில் என்ன உடுத்தினார் என்பதற்காக நான் தினமும் போனில் ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

ஜிபிஎஸ் கருவி பற்றிப் பலர் கேட்கிறார்கள். சிம் போட்ட கருவி இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளிலிருந்து அறிந்தாலும், அதை நமக்கு அனுப்ப மொபைல் டவர் வேண்டும். பள்ளத்தில் டவர் கிடைக்காவிட்டால் கடைசியாகக் கிடைத்த இடம்தான் காட்டும். அதுவே தேட ஆரம்பிக்க நல்ல உதவி, முடிந்தவர்கள் வாங்குங்கள். பொருளோடு மாட்டிவைத்து இருக்கும் இடம் அறிய உதவும் ஏர்டேக் மாதிரி சின்ன வில்லைகள், பக்கத்தில் ஆப்பிள் கருவிகள் இருந்தால்தான் தகவல் தரும். ஊட்டி சேரிங் கிராஸில் வேலை செய்யலாம், தேயிலைக்குள் நம்ப முடியாது.

கிடைத்ததும் திட்டாதீர்கள். "எங்க போன, ஏன் போன" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் கிடையாது, பயம் மட்டும் மிஞ்சும். நனைந்த துணியைக் கழற்றி, உலர்ந்த கம்பளியில் சுற்றி, நல்ல நினைவோடு இருந்தால் சூடான இனிப்புத் தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நெருப்பருகே கொண்டுபோய் உட்கார வைப்பதும், கைகாலைப் பலமாகத் தேய்ப்பதும் கூடாது. நடுக்கம் நின்று சோர்ந்து பேச்சுக் குழறினால் அது நல்ல அறிகுறி இல்லை, 108-ஐ அழையுங்கள். எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள், வலியைச் சொல்லத் தெரியாது அவர்களுக்கு.

இதைப் படிப்பவர்களில் ஜீப் ஓட்டுபவர், காட்டேஜ் நடத்துபவர், சுற்றுலா வருபவர் யாராவது இருக்கலாம். பனிக்குள் வயதானவர் ஒருவர் குளிருக்கு ஒன்றும் போடாமல், ஒற்றைச் செருப்போடு, அல்லது ஏதோ அவசர வேலை இருப்பதுபோலத் தனியாக நடந்து போவதைப் பார்த்தால் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், டார்ச்சை முகத்தில் அடிக்க வேண்டாம். முன்பக்கமாக வந்து வணக்கம் சொல்லி, அவர் போகும் பக்கமே கூட நடந்தபடி பேச்சுக்கொடுங்கள், துணியில் நம்பர் தைத்திருக்கிறதா பாருங்கள், 112-க்குச் சொல்லுங்கள். யாராவது வந்து சேரும்வரை கூடவே இருங்கள். "இங்கேயே இருங்க, இதோ ஆளைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று விட்டுவிட்டுப் போனால், நீங்கள் திரும்பி வரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார்.